சிறுநீரகத்தில் 2.8 செ.மீ. கட்டி: ஸ்கேனை மட்டும் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்ல முடியுமா?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். மாமனாருக்கு வயது 63. சர்க்கரை உண்டு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் 1.5. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எடுத்த அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகத்தில் 2.8 செ.மீ. அளவில் ஒரு கட்டி என்று வந்தது. வலி கிடையாது, சிறுநீரில் ரத்தம் கிடையாது, ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார். பிறகு கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) போட்டு சிடி எடுத்தோம். ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தி சொல்வது இதுதான்: திடமான கட்டி போலத் தெரிகிறது, கொழுப்பு தெரியவில்லை, சிறுநீரகப் புற்றாக இருக்கலாம், ஆன்கோசைட்டோமா அல்லது கொழுப்பு குறைந்த ஆஞ்சியோமயோலிபோமா என்பதையும் ஒதுக்க முடியாது. இவை இரண்டும் புற்றில்லாத கட்டிகளாம்.

முதலில் பார்த்த யூராலஜிஸ்ட் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எம்ஆர்ஐ பார்க்கலாம் என்கிறார். மச்சினன் நேரே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம், அதில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறான். இத்தனை மெஷின்கள் வந்தபிறகும் புற்றா இல்லையா என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாதா?

இருட்டறை எழுதியது:

நான் ரேடியாலஜி. பெயருக்கேற்ற மாதிரி இருட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பதுதான் வேலை. உங்கள் மாமனாரின் படத்தைப் பார்க்காமல் அவருக்கு என்ன என்று சொல்ல மாட்டேன். பொதுவாக எது முடியும், எது முடியாது என்று சொல்கிறேன்.

சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்போம். சிடியை உருவாக்கியதற்காக 1979-இல் நோபல் வாங்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு எப்போதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும். சிறுநீரகக் கட்டிக்குள் மைனஸ் 10-க்குக் கீழே ஒரு சிறு பகுதி தெளிவாக அகப்பட்டாலே, அது கிட்டத்தட்ட ஆஞ்சியோமயோலிபோமாதான், அதாவது ஏஎம்எல். சாதாரணக் கட்டி. புற்று இல்லை என்று அங்கே தைரியமாக எழுதிவிடுவோம். கொழுப்போடு சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து தெரிந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிப்போம், ஏனென்றால் அபூர்வமாகச் சில புற்றுகளும் அப்படி வரும்.

அடுத்து, கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன்னால் எடுத்த படத்தில் கட்டி முழுக்க ஒரே சீராக, மைனஸ் 10-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால் அது நீர்க்கட்டி. ஒரே சீராக 70-க்கு மேல் இருந்தால் ரத்தம் தேங்கிய நீர்க்கட்டி. இரண்டுக்கும் பயம் வேண்டாம். சிக்கல் 20-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பவைதான். அவை கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மருந்து போனபிறகு எண் 20-க்கு மேல் கூடினால் உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறது, அது உயிருள்ள திசு. 10-க்கும் குறைவாகக் கூடினால் ஒன்றுமில்லை. 10-க்கும் 20-க்கும் நடுவில் என்றால் தலைவலி. அதுவும் ஒன்றரை செ.மீ.க்குள் இருக்கிற, சிறுநீரகத்துக்குள்ளேயே புதைந்த நீர்க்கட்டிகள், சுற்றியுள்ள திசு பளிச்சென்று ஆனதால் தானும் ஏறியதுபோலப் பொய்க்கணக்குக் காட்டும்.

கொழுப்பு இல்லை, மருந்தை ஏற்கிறது, திடமானது என்று மூன்றும் சேர்ந்துவிட்டால், அங்கே சிடியின் அதிகாரம் முடிகிறது. புற்றுக்கான வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம், உறுதி சொல்ல முடியாது. உங்கள் ரிப்போர்ட்டை எழுதியவர் மழுப்பவில்லை. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்.

ஒரு கேள்வி. மருந்து போடுவதற்கு முன்னால் பிளெயின் படம் எடுத்தார்களா?

மலைக்கோட்டை எழுதியது:

இந்த "இருக்கலாம், ஒதுக்க முடியாது" எல்லாம் டாக்டர்கள் கேஸுக்குப் பயந்து எழுதுவது. என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் எழுதினார்கள். சிறுநீரகத்தை எடுத்தபிறகு பார்த்தால் ஆன்கோசைட்டோமா, சாதாரணக் கட்டி. போன சிறுநீரகம் திரும்பி வருமா?

கத்தியும்நூலும் எழுதியது:

யூராலஜி அறுவை சிகிச்சை செய்கிறவன். மலைக்கோட்டை சாரின் கோபம் புரிகிறது, காரணம்தான் சரியில்லை.

நாலு செ.மீ.க்குள் இருக்கிற கட்டிகளைப் புற்று என்று நினைத்து எடுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கடைசியில் சாதாரணக் கட்டியாக வருகிறது. உலகம் முழுக்க இதுதான் நிலைமை, நம் ஊர் ஊழல் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003-இல் ஆயிரக்கணக்கான கட்டிகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரு செ.மீ.க்குக் குறைந்தவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சாதாரணக் கட்டிகள். அளவு ஏற ஏற அந்தப் பங்கு இறங்கிக்கொண்டே போகும். 7 செ.மீ. கட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நான் இந்த விவாதமே செய்ய மாட்டேன்.

உங்கள் சித்தப்பா விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டி எவ்வளவு பெரியது? சின்னதாக இருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்க முடியாதா? இன்று நாலு செ.மீ.க்குள் என்றால் அதுதான் முதல் தேர்வு. கட்டி நடு இடுக்கில், ரத்தக்குழாய்களின் மேல் இருந்தால் மட்டும் சிரமம்.

மலைக்கோட்டை எழுதியது:

மூன்றரை செ.மீ. முழுசாக எடுத்தார்கள். பாதியாக எடுக்கும் வழி உண்டு என்று யாரும் சொல்லவே இல்லை.

பொருநைக்கரை எழுதியது:

இருட்டறை டாக்டர், சிடியை மறுபடி பார்த்தேன். பிளெயின் இல்லை. மருந்து போட்டபிறகு ஒரே ஒரு தடவை எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 64 அலகு என்று இருக்கிறது.

இருட்டறை எழுதியது:

அப்படியென்றால் அந்தப் பரிசோதனை பாதிதான் நடந்திருக்கிறது. மருந்துக்குப் பிறகு 64. மருந்துக்கு முன்னால் 35 இருந்திருந்தால் மருந்தை ஏற்கும் திடக் கட்டி. முன்னாலேயே 60 இருந்திருந்தால் பழைய ரத்தமோ கெட்டியான திரவமோ தேங்கிய வெறும் நீர்க்கட்டி. ஒரே படத்தில் இதைப் பிரிக்கவே முடியாது. வயிற்று வலி, கல் என்று வேறு எதற்கோ எடுத்த சிடியில் தற்செயலாக அகப்படும் கட்டிகளுக்கும் இதே கதிதான். கட்டிக்கென்றே எடுக்கும் சிடி வேறு. பிளெயின், மருந்து போட்டு அரை நிமிடம் சுமாருக்குள் ஒன்று, ஒன்றரை நிமிடம் சுமாரில் ஒன்று. மெல்லிய துண்டுகளாக. தடித்த துண்டுகளில் துளிக் கொழுப்பு தப்பிவிடும்.

இப்போது எம்ஆர்ஐ சொன்ன டாக்டர் சொன்னது நியாயம். காரணங்கள் இரண்டு. ஒன்று, மருந்துக்குப் பிறகு எடுத்த படத்திலிருந்து முன்னால் எடுத்த படத்தைக் கழித்து, துளி மருந்து ஏறியிருந்தாலும் காட்டும். இரண்டு, எந்த வகைப் புற்று என்று ஓரளவு ஊகிக்கலாம். கிளியர் செல் எனும் வகைதான் அதிகம் வருவது, அதிகம் பரவுவதும் அதுதான். அது டி2 எனும் ஒரு வகை எம்ஆர்ஐ படத்தில் பெரும்பாலும் வெளுப்பாக இருக்கும், மருந்து போட்டதும் குபீரென்று பளிச்சிடும். பாப்பிலரி வகை டி2-வில் கறுப்பு, மருந்தைச் சோம்பலாக ஏற்கும். கொழுப்பு குறைந்த ஏஎம்எல்-உம் டி2-வில் கறுப்புதான், ஆனால் அது மருந்தைச் சட்டென்று வாங்கி, சட்டென்று விட்டுவிடும். இந்த அடையாளங்களைச் சேர்த்து, கிளியர் செல்லாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையை டெக்சஸ் பல்கலையின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் உருவாக்கினார்கள். 5 என்றால் பெரும்பாலும் அதுதான். 1 என்றால் அது இல்லை, வேறு ஏதோ.

கிரியேட்டினின் 1.5-க்கு இன்றைய எம்ஆர்ஐ மருந்துகள் பெரும்பாலும் தடையில்லை. எண்ணை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

ஏஎம்எல் என்றால் "சாதாரணக் கட்டி" என்று ஒரே வரியில் தாண்டிப்போகிறீர்கள். எனக்கு இருந்தது அதுதான். புற்று இல்லை, போய் நிம்மதியாக இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அளவு 5 செ.மீ. அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் விலாப்பக்கம் திடீரென்று வலி, மயக்கம். கட்டிக்குள் ரத்தம் கசிந்திருந்தது. தொடையோரம் ரத்தக்குழாய் வழியாகப் போய் கட்டிக்குப் போகும் நாளத்தை அடைத்தார்கள். சிறுநீரகம் தப்பியது.

நாலு செ.மீ. தாண்டிய ஏஎம்எல்-ஐச் சும்மா விடக்கூடாது என்று பிறகுதான் படித்தேன். குழந்தைப்பேறை எதிர்பார்க்கும் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் நிறைய ஏஎம்எல் இருந்தால் டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அது இல்லை.

கத்தியும்நூலும் எழுதியது:

செங்காந்தள் சகோதரி சொன்னது ரொம்பச் சரி. புற்று இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று ஆகாது. அளவைப் பார்க்க வேண்டும், உள்ளே வீங்கிய ரத்தக்குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஆசாமிகளுக்கும் ஒரு சொல்: பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தாலே ஏஎம்எல் என்று எழுதிவிடுகிறார்கள். சின்னப் புற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அல்ட்ராசவுண்டில் அப்படியே வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு தடவையாவது சிடியிலோ எம்ஆர்ஐயிலோ கொழுப்பை உறுதி செய்யாமல் "ஏஎம்எல்தான், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

குறுக்குசால் எழுதியது:

மச்சினன் சொன்ன பெட் ஸ்கேன் பற்றி யாருமே பேசவில்லையே? எல்லாப் புற்றும் அதில் பளிச்சென்று எரியும் என்பார்களே.

இருட்டறை எழுதியது:

சிறுநீரகத்தில் எரியாது. அதாவது நம்பும்படி எரியாது. வழக்கமான பெட் ஸ்கேனில் கொடுப்பது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். அது வெளியேறுவதே சிறுநீரகம் வழியாகத்தான். கட்டியைச் சுற்றி எல்லாமே எரியும்போது கட்டி எங்கே தெரியும்? தவிர பல சிறுநீரகப் புற்றுகள் அந்தக் குளுக்கோஸை அவ்வளவாக எடுத்துக்கொள்வதும் இல்லை. இந்தக் கேள்விக்கு அந்தச் செலவு வீண். வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சில சமயம் உதவும், அது வேறு விஷயம்.

அணு மருத்துவத்தில் இதற்கென்றே இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று செஸ்டமிபி எனும் கதிரியக்க மருந்து. இதய ரத்த ஓட்டம் பார்க்கவும் பாராதைராய்டு தேடவும் ஏற்கெனவே பயன்படுவதுதான், புதிய பொருள் இல்லை. ஆன்கோசைட்டோமா செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும், செஸ்டமிபி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 50 பேரை அறுவைக்கு முன் இப்படிப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள், முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் குரோமோஃபோப் எனும், மெதுவாக வளரும் புற்றிலும் சிலது இதை எடுத்துக்கொள்ளும். ஆகவே மருந்து ஏறினால் "சாந்தமான கட்டி" என்று சொல்லலாம், "புற்றே இல்லை" என்று முத்திரை குத்த முடியாது.

இன்னொன்று ஜிரென்டக்சிமாப். கிளியர் செல் புற்றின் மேல்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடி, அதில் சிர்கோனியம் 89 எனும் கதிரியக்கப் பொருளைச் சேர்த்து பெட் எடுப்பார்கள். சிர்கான் என்ற பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2024-இல் லேன்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. கிளியர் செல் இருந்தவர்களில் 100-க்கு 86 பேரளவில் கண்டுபிடித்தது, இல்லாதவர்களில் 87 பேரளவில் இல்லை என்று சரியாகச் சொன்னது. நல்ல எண்கள். ஆனால் இன்று மச்சினன் போய்க் கேட்டால் பக்கத்துத் தெருவில் கிடைக்கிற சங்கதி இல்லை.

குறுக்குசால் எழுதியது:

அப்போ ஏஐ? ஆயிரம் படங்களைக் காட்டிப் பழக்கினால் கண்ணுக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும் என்கிறார்களே. உங்கள் வேலைக்கே ஆபத்து டாக்டர்.

இருட்டறை எழுதியது:

ஆபத்து வரட்டும், நானும் சீக்கிரம் வீட்டுக்குப் போவேன். 2019-இல் மினசோட்டா பல்கலை கிட்ஸ் என்ற போட்டி வைத்தது, சிடியில் சிறுநீரகத்தையும் கட்டியையும் எல்லை பிரித்து வரைய வேண்டும். இயந்திரங்கள் அதை நன்றாகவே செய்தன. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்பது ஒரு வேலை. அது என்ன சுபாவம் என்பது வேறு வேலை. இரண்டாவதில் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன, எண்களும் அழகாக இருக்கும். ஆனால் ஒரு ஆஸ்பத்திரியின் படங்களில் பழகியது இன்னொரு ஆஸ்பத்திரியின் மெஷினில், வேறு நேரத்தில் மருந்து போட்டு எடுத்த படத்தில் தடுமாறும். மேலே பார்த்தோமே, பிளெயினே இல்லாத சிடி. அதைக் கொடுத்தால் ஏஐயும் என்னைப் போல முழிக்கும்.

பழக்கும் படங்களிலும் ஒரு கோணல் உண்டு. விடை தெரிந்த கட்டிகளை வைத்துத்தானே பழக்க வேண்டும்? விடை பெரும்பாலும் அறுவை செய்தால்தான் தெரியும். அறுவை செய்யாமல் விட்ட சாதுவான கட்டிகள் அந்தக் கணக்கிலேயே வராது.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

வணக்கம், நான் டொரன்டோ பக்கம். இங்கே அம்மாவுக்கு 3 செ.மீ. கட்டி வந்தபோது, அறுவைப் பேச்சுக்கு முன்னமே பயாப்ஸி, அதாவது ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்ப்பது, செய்வோம் என்றார்கள். எங்களுக்குத்தான் ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பயம். பிறகு தேடிப் படித்தேன். இங்குள்ள பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்தில் 500-க்கு மேற்பட்ட சிறிய கட்டிகளுக்குப் பயாப்ஸி செய்து 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு முதல் தடவையிலேயே விடை கிடைத்திருக்கிறது. ஊரில் ஏன் இதைச் செய்வதில்லை?

கத்தியும்நூலும் எழுதியது:

செய்கிறோம் அம்மா, குறைவாக. நியாயமான காரணமும் உண்டு, சோம்பலும் உண்டு. நியாயமான காரணம்: ஆள் 45 வயது, ஆரோக்கியம், கட்டி எளிதாக எடுக்கக்கூடிய இடத்தில். பயாப்ஸியில் என்ன வந்தாலும் அவர் எடுத்துவிடத்தான் போகிறார் என்றால் ஊசி எதற்கு? ஆனால் வயதானவர், சர்க்கரை, கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் என்றால் கணக்கே வேறு. அங்கே பயாப்ஸி ஓர் அறுவையையே மிச்சப்படுத்தலாம்.

பரவும் என்ற பயத்தைப் பற்றி. உறை ஊசி ஒன்றை முதலில் வைத்து, அதற்குள்ளே போய்த் துண்டெடுக்கிறார்கள், கட்டித் திசு வழியில் படுவது மிகக் குறைவு. சுத்தமாக நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை, பாப்பிலரி வகையில் ஊசிப் பாதையில் செல்கள் அகப்பட்டதாகச் சில பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயத்துக்காகத் தேவையில்லாமல் சிறுநீரகத்தை இழப்பது லாபமான வியாபாரம் இல்லை. ரத்தக்கசிவு வரலாம், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

பயாப்ஸி செய்யக்கூடாத இடங்களும் உண்டு. கட்டி சிறுநீர்ப் பையோடு இணையும் குழாயின் உட்சுவரில் வந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் வெளியிலிருந்து ஊசி போடுவதைத் தவிர்ப்போம். பல அறைகளுள்ள நீர்க்கட்டிகளில் ஊசிக்கு ஒன்றும் சிக்காது. இன்னொரு தொல்லை, ஊசித் துண்டில் ஆன்கோசைட்டோமாவையும் குரோமோஃபோப்பையும் பிரிக்கப் பதாலஜிஸ்டே சில சமயம் திணறுவார்.

இருட்டறை எழுதியது:

நீர்க்கட்டிப் பேச்சு வந்ததால் ஒரு வரி. ரிப்போர்ட்டில் பாஸ்னியாக் என்று பார்த்துப் பயந்து பலர் எழுதுகிறார்கள். நியூயார்க்கின் ரேடியாலஜிஸ்ட் மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் தந்த வகைப்பாடு, 2019-இல் திருத்தினார்கள். 1, 2 என்றால் விட்டுவிடலாம். 2எஃப் என்றால் காலக்கெடு வைத்துத் திரும்பப் பார்ப்பது. 3 என்றால் புற்றாக இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. 4 என்றால் பெரும்பாலும் புற்று. மாமனாருடையது திடமாக இருந்தால் இந்த வகைப்பாடு பொருந்தாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. எல்லாக் கட்டியும் கட்டி இல்லை. சர்க்கரைக்காரர், நீண்ட நாள் கல், விட்டு விட்டுக் காய்ச்சல் என்றால் சாந்தோகிரானுலோமட்டஸ் என்று ஒரு நீடித்த கிருமித்தொற்று உண்டு. படத்தில் அச்சு அசல் புற்று மாதிரி இருக்கும். காசநோயும் அப்படி ஏமாற்றும். சிறுநீரகத்தின் இயல்பான மடிப்பு ஒன்று துருத்திக்கொண்டு கட்டிபோல் தெரிந்து, ஆளை அலைக்கழித்த கதைகளும் ஏராளம். சிறுநீர்ப் பரிசோதனையும் பழைய ஸ்கேன்களும் ரொம்ப முக்கியம். ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த ஏதாவது சிடி வீட்டில் கிடந்தால் தேடி எடுத்துப் போங்கள், எந்தப் புதிய மெஷினும் தராத தகவல் அதில் இருக்கும்.

மலைக்கோட்டை எழுதியது:

அப்போ பார்த்துக்கொண்டே இருப்பது என்கிறார்களே, அது தைரியமா, அலட்சியமா?

கத்தியும்நூலும் எழுதியது:

தேதி குறித்துப் பார்த்தால் சிகிச்சை, மறந்துபோனால் அலட்சியம். சின்னக் கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 3 மி.மீ. போலத்தான் வளர்கின்றன. கண்காணிப்பில் இருக்கும்போதே பரவியது நூற்றில் ஓரிருவருக்குத்தான். வேகமாக வளர்ந்தாலோ நாலு செ.மீ.யைத் தொட்டாலோ அறுவைக்கு வருகிறோம். ஆனால் ஒன்று, வளர்கிற வேகத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. ஆன்கோசைட்டோமாவும் வளரும். ஸ்கேனுக்கு வராமல் மூன்று வருடம் கழித்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை.

பொருநைக்கரை எழுதியது:

எம்ஆர்ஐ வந்துவிட்டது. நீர்க்கட்டி இல்லை, மருந்தை ஏற்கிறது, ஆனால் மெதுவாக. டி2-வில் கறுப்பு. கொழுப்பு இல்லை. கிளியர் செல் மதிப்பெண் 2 என்று போட்டிருக்கிறார்கள். பாப்பிலரியாக இருக்கும் வாய்ப்பு அதிகம், திசுப் பரிசோதனை யோசிக்கலாம் என்று முடித்திருக்கிறார்கள். 2019-இல் கல்லுக்கு எடுத்த சிடி ஒன்று மாமியாரின் பீரோவில் அகப்பட்டது. அதில் அதே இடத்தில் 2.1 செ.மீ. இருந்திருக்கிறது, அன்றைக்கு யாரும் எழுதவில்லை.

இரண்டாவது யூராலஜிஸ்ட் பயாப்ஸி செய்துவிட்டு முடிவெடுப்போம் என்கிறார். மாமனாரும் சரி என்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் இரண்டும் சாப்பிடுகிறார். அதை முதலில் சொல்ல மறந்துவிட்டேன்.

இருட்டறை எழுதியது:

பழைய சிடி கிடைத்தது பெரிய விஷயம். இத்தனை வருடத்தில் அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது என்றால் நாளைக்கே அறுவை என்று யாரும் அவசரப்படுத்தத் தேவையில்லை. சாதாரணக் கட்டி என்று இதை வைத்துச் சொல்லவும் முடியாது. பாப்பிலரி என்பதும் புற்றுதான், மதிப்பெண் 2 என்பதைப் "புற்று இல்லை" என்று வீட்டில் யாரும் படித்துவிடக்கூடாது.

கத்தியும்நூலும் எழுதியது:

குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் எப்போது வைத்தது என்பதைப் பொறுத்துத்தான் நிறுத்தலாமா கூடாதா என்று தெரியும், அதைச் சொல்ல வேண்டியவர் இதய டாக்டர். அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பயாப்ஸி செய்யப்போகிறவரிடம் காட்டித் தேதி வாங்குங்கள். அன்றைக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளட்டும். துண்டு எடுத்தபிறகு சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். சிறுநீர் சிவப்பாக வந்தாலோ விலா வலி கூடினாலோ இரவு என்று பார்க்காமல் கூப்பிடுங்கள். எம்ஆர்ஐ, இரண்டு சிடி ஸ்கேன், மூன்றின் படங்களும் உள்ள டிஸ்குகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஊசி போடுகிறவருக்குப் படம் வேண்டும்.